கயிறு யார் கையில? மாடு யார் பேச்சைக் கேக்குது?

"ஹோய்! ஹோய்! விடுடா! அது மகாராஜா பல்லக்குடா!"

கூத்தன் கயிறை இழுத்த இழுப்புல அவன் தோள்பட்டையே கழண்டு வந்திருக்கும். மாடு கேட்டாத்தானே! மஞ்சக்கோட்டை ராஜவீதி நடுவுல, கூண்டுவண்டி குறுக்கால நிக்குது. எதிர்ல ராஜா வீரகேது பல்லக்கு. பல்லக்குல கட்டியிருந்த வாழைத்தாரை இடது மாடு நிம்மதியா மென்னுக்கிட்டிருக்கு. தோலோட!

இதுல கொடுமை என்னன்னா, கூத்தன் அன்னிக்கு வண்டியே ஓட்டக்கூடாது. ஊர்ல வண்டி ஓட்டணும்னா அரண்மனை குடுத்த செப்பு முத்திரை இடுப்புல தொங்கணும். அரசவை விகடகவியா இருந்தாலும் அதான் சட்டம். அரசியம்மா வெயில்ல காயவெச்ச வடாம் பாய் மேல போன மாசம் வண்டியை ஏத்துனான் பாருங்க, அன்னிக்கே முத்திரையைப் புடுங்கிட்டாங்க. ஆடி முடிஞ்சாத்தான் திரும்பக் கிடைக்கும். இன்னிக்குன்னு பார்த்து வண்டிக்காரன் மாமனார் வீட்டுக் கறிவிருந்துக்கு ஓடிட்டான். வைக்கோல் வாங்கணுமேன்னு கூத்தன் தானே ஏறி உக்காந்தான். வாங்கிட்டுத் திரும்புற வழியில மாட்டிக்கிட்டான்!

"பிடிச்சேன்!" பல்லக்குக்குப் பின்னாலேர்ந்து பாய்ஞ்சு வந்தாரு வீதி அதிகாரி ஏகாம்பர நயினார். கூத்தனைக் கண்டாலே ஆகாது அவருக்கு. சபையில அவரு தொப்பையைப் பத்தி இவன் ஒரு வெண்பா பாடிட்டான், அந்தக் கோவம். "மகாராஜா! முத்திரை இல்லாம ஓட்டியிருக்கான். கையில கயிறு, நானே கண்ணால பார்த்தேன்! சட்டப்படி மொட்டை அடிச்சு, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல பின்பக்கமா உக்கார வெச்சு ஊர்வலம்!"

"எந்தத் தெரு வழியா?" கூத்தன் பாவமா கேட்டான்.

"உன் மாமியார் வீட்டுத் தெரு வழியா!"

கூத்தன் தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டான். மொட்டையைக் கூட தாங்கிக்கலாம். அந்த மாமியார்! 'இந்தக் கோமாளிக்கா பொண்ணைக் குடுத்தேன்'னு கல்யாணத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கிற மனுஷி, கழுதை மேல பார்த்தா சாகுற வரைக்கும் சொல்லுவா. இவன் செத்த பிறகும் சொல்லுவா.

"என்னடா கூத்தா, சொல்ல எதாச்சும் இருக்கா?" ராஜா கேட்டாரு.

கூத்தன் மாட்டைப் பார்த்தான். மாடு வாழைப்பழ வாயோட அவனைப் பார்த்துச்சு. சட்டுனு மண்டைக்குள்ள விளக்கு எரிஞ்சிடுச்சு.

"நான் ஓட்டவே இல்லையே மகாராஜா. மாடு ஓட்டிச்சு. நான் சும்மா கூட வந்தேன்."

"கயிறு உன் கையில இருந்துச்சேடா!" நயினார் குதிச்சாரு.

"கயிறைப் பிடிச்சா ஓட்டுறதாகிடுமா அய்யா? ராத்திரி வண்டிக்காரங்க கயிறை மடியில போட்டுக்கிட்டு குறட்டை விடுறாங்க. வண்டி ஊர் போய்ச் சேரலையா? மகாராஜா, நீங்களே ஏறுங்க. யாரும் கயிறைத் தொட வேணாம். இதுங்க பாட்டுக்குப் போகும். போகலைன்னா இங்கயே என் குடுமியை எடுத்துக்குங்க."

ராஜாவுக்கு இந்த மாதிரி கூத்துன்னா உசிரு. விறுவிறுன்னு கூண்டுக்குள்ள ஏறி வைக்கோல் மேல சம்மணம் போட்டுட்டாரு. பக்கத்துல கூத்தன், கையைக் கட்டிக்கிட்டு. இவன் திருட்டுத்தனம் பண்றானான்னு பார்க்க நயினார் முன்னால வண்டிக்காரன் இடத்துல உக்காந்தாரு.

"இந்த வண்டியும் மாடும் என்கிட்ட இருந்ததுதான் மகாராஜா! போன மாசம் தரகன் மூலமா இவனுக்கு வித்தேன். அடிக்காம ஒரு அடி நகராதுங்க!"

சொல்லி முடிக்கல. மாடு ரெண்டும் மணியை ஆட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு!

ராஜவீதி போச்சு. கோயில் குளம் போச்சு. முக்குல வலது பக்கம் கூத்தன் வீடு. மாடு திரும்பிக்கூடப் பார்க்கல. சர்ருன்னு இடது பக்கம், புளியந்தோப்பு பாதை!

நயினாருக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பிச்சிருச்சு.

"மகாராஜா, போதும்! நிரூபிச்சிட்டான்! இறங்கிடலாமே!"

"அட இருய்யா, காத்து ஜிலுஜிலுன்னு வருது."

"அந்தப் பக்கம் பாம்பு இருக்கு மகாராஜா!"

"மாட்டுக்குத் தெரியாத பாம்பா?"

நயினாரால முடியல. ரெண்டு கையாலயும் கயிறைப் பிடிச்சு, காலை வண்டி முன்பலகையில உதைச்சு, மல்லாக்கச் சாய்ஞ்சு இழுத்தாரு. "ஹோய்! திரும்பு! திரும்புடா சனியனே! உன் கால்ல விழுறேன், திரும்புடா!"

மாடு வேகத்தைக் கூட்டுச்சு.

தோப்புக்குள்ள ஒரே கூச்சல். நூறு பேரு வட்டமா நிக்கிறாங்க. நடுவுல இறக்கை பறக்குது. சேவல் கட்டு! தலைநகர்ல சேவல் சண்டையே கூடாதுன்னு ராஜா போட்ட தடை. அதைப் பிடிக்க வேண்டிய ஆளு வீதி அதிகாரி. மாடு நேரா போய் ஒரு மரத்தடியில, பழகின இடத்துல, தானா நின்னுச்சு.

"அய்யா வந்துட்டாரு, அய்யா வந்துட்டாரு!" ஒருத்தன் ஓடி வந்தான். "என்னங்க அதிகாரியய்யா, ஒரு மாசமா ஆளையே காணோம்? வண்டியை வித்ததா சொன்னாங்க, அதே வண்டியில வந்திருக்கீங்க! உங்க செவலைச் சேவல் மூணு கட்டு ஜெயிச்சிருச்சு!"

கூண்டுக்குள்ளேர்ந்து ஒரு கிரீடம் வெளிய எட்டிப் பார்த்துச்சு.

"நாலாவது கட்டு எப்போ?"ன்னாரு ராஜா.

தோப்பு காலி. சேவல் கூட நிக்கல.

நயினார் கயிறைப் பிடிச்சபடியே பொம்மை மாதிரி உறைஞ்சு போயிருந்தாரு. ராஜா அவரு கையைப் பார்த்தாரு. கூத்தனைப் பார்த்தாரு.

"ஏன்யா நயினாரே, கயிறு உன் கையில இருக்கே. வண்டியை நீதான் இங்க ஓட்டிட்டு வந்தியா?"

"ஐயோ, நான் ஓட்டல மகாராஜா! சத்தியமா! மாடு தானா வந்துச்சு!"

"கேட்டியா கூத்தா? உன் கட்சிக்கு அதிகாரியே சாட்சி சொல்லிட்டாரு. வழக்கு தள்ளுபடி!"

ராஜா சிரிச்ச சிரிப்புல கூண்டு ஆடுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் கழுதை புறப்பட்டுச்சு, மேல மொட்டைத்தலை நயினாரோட. மறுநாள் சபையில ராஜா, அரசியம்மா மூஞ்சியைப் பார்க்காம, செப்பு முத்திரையை எடுத்துக் கூத்தன்கிட்ட நீட்டினாரு.

கூத்தன் கையைப் பின்னால கட்டிக்கிட்டான்.

"எனக்கெதுக்கு மகாராஜா? ஓட்டுறது அதுங்க. அதுங்க கழுத்துல கட்டிவிடுங்க. இனிமே எந்த வழக்கு வந்தாலும் அதுங்களே சபைக்கு வந்து பதில் சொல்லிக்கட்டும், நான் வைக்கோல் மேல படுத்துத் தூங்குறேன்!"