கட்டைவிரல் உயரம்

ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டில் மஞ்சள் நிறக் கார் ஒன்று இருந்தது. வேகத்துக்கென்றே செய்யப்பட்டது. இருக்கைகள் இரண்டுதான். தரைக்கும் அதன் அடிவயிற்றுக்கும் நடுவே மடக்கிய கை ஒன்று நுழையும். கட்டைவிரலை நிமிர்த்தினால் இடிக்கும்.

அந்த வீட்டு ஆதிகேசவன் அப்படித்தான் அதை அளந்து பார்ப்பான். கோயமுத்தூரில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே எல்லாவற்றையும் கருவி வைத்து அளப்பான். இதற்கு மட்டும் கை. வெளியே கிளம்பும் முன் மண்டியிட்டு, கையை மடக்கி வண்டியின் வயிற்றுக்கடியில் விடுவான். பிறகு கட்டைவிரலை நிமிர்த்துவான். இடித்ததும் எழுந்து கையைத் தட்டிக்கொள்வான்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் காருக்குப் பேச்சு வரும். மற்ற நேரங்களில் கேட்கும், அவ்வளவுதான். முன்பு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சிறுவாணி சாலையில் பேசிக்கொண்டே போய்ப் பேசிக்கொண்டே திரும்பும். பத்து மாதங்களாக நிலைமை வேறு. ஆதிகேசவன் ஞாயிறு தவறாமல் வந்து உறையை உருவுவான். சாவியைத் திருப்பி, உள்ளே உட்கார்ந்து, பத்து நிமிடம் சத்தத்தைக் கேட்பான். அணைத்து உறையை மாட்டிவிட்டுப் போய்விடுவான். கார் ஓரடி நகர்ந்திருக்காது.

"பேட்டரி இறங்கிடக் கூடாதில்ல" என்று மனைவி திலகவதியிடம் சொன்னான்.

ஆக, வாரத்துக்குப் பத்து நிமிடப் பேச்சு. கார் அதை வீணாக்க விரும்பவில்லை. அதனிடம் இருந்தது ஒரே கேள்வி. ஓட்டப்போவதில்லை என்றால் இவன் ஏன் வருகிறான்?

முதலில் உறையைக் கேட்டது.

"என்னைக் கேட்டால்?" என்றது உறை. "அவன் வந்தால் நான் சுருண்டு மூலையில் கிடப்பேன். நான் விரிந்தால் அவன் போயிருப்பான். நாங்கள் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை."

அதற்கு மேல் கேட்க நேரமில்லை. சாவி திரும்பி இன்ஜின் அணைந்துவிட்டது.

ஓட்டாததற்குக் காரணம் காருக்குத் தெரியும். அந்தக் காரணம் வாசலுக்கு இரண்டடி தள்ளித் தெருவின் குறுக்கே படுத்திருந்தது. பத்து மாதங்களுக்கு முன் மாநகராட்சி ஆட்கள் வந்து போட்ட வேகத்தடை. அதைத் தாண்டாமல் அந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போக முடியாது. எதிர்வீட்டு ஸ்கூட்டர் தாண்டியது, பால்வண்டி தாண்டியது. கார் மட்டும் முதல் ஞாயிறே வயிற்றைக் கீறிக்கொண்டது. அடுத்த இரண்டு ஞாயிறுகள் திலகவதி இருபுறமும் பலகை பிடிக்க, ஏறி இறங்கிப் போய்வந்தது. நான்காம் ஞாயிறு ஆதிகேசவன் பலகைகளை எடுத்து வந்தான், சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான், திரும்பச் சுவரில் சாய்த்துவிட்டான்.

"முட்டுச்சந்துல ஸ்பீடு பிரேக்கர் போட்ட ஊரு நம்மூரு ஒண்ணுதானுங்க" என்றாள் திலகவதி. அவன் சிரிக்கவில்லை.

"உன்னால்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்றது கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"நிற்பது நீ. நான் படுத்திருக்கிறேன்" என்றது வேகத்தடை.

"என் வயிற்றைக் கீறினாய்."

"நான் அசையவே இல்லை. வந்து உரசியது யார் என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள்."

"உன்னை யார் இங்கே கேட்டது?"

"கேட்டதால்தான் வந்தேன். வேண்டுதல் இல்லாமல் நாங்கள் வருவதில்லை" என்றது வேகத்தடை. மேலே சொல்லப் பார்த்தது. இன்ஜின் அணைந்தது.

வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு சின்ன சைக்கிளும் சாய்ந்திருந்தது. ஆதிகேசவனின் மகள் யாழி, எட்டு வயது, அதை ஓட்டுவாள். நாளெல்லாம் வெளியே சுற்றிவிட்டு வருவதால் அதற்கு அலட்டல் அதிகம். வேகத்தடையை எத்தனை முறை தாண்டினேன் என்று எண்ணிச் சொல்லும்.

"தாண்டுவது பெரிய விஷயமில்லை" என்றது கார், அடுத்த ஞாயிறு. "நிற்பதுதான் விஷயம். நான் ஒருமுறை நின்றேனே, மறந்துவிட்டாயா? சிறுவாணியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் திரும்பும்போதே நல்ல வேகம். வாசலிலிருந்து நீ வெளியே வருகிறாய். நான்கு வீட்டுத் தூரத்துக்குள் நின்றேன். என் முகத்துக்கும் உன் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. வேறு எந்த வண்டி அப்படி நின்றிருக்கும்? அவன் இன்ஜினை அணைக்காமலே ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் தெரியுமா? என்னை மெச்சிக்கொண்டிருந்தான்."



"நீ நின்றாய். அதை நான் மறுக்கவில்லை" என்றது சைக்கிள். "அவள் கைப்பிடியை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்."

"அதை நான் பார்க்கவில்லை. நிற்பதில் கவனமாக இருந்தேன்."

"இப்போது அவளுக்கு மறந்துவிட்டது" என்றது சைக்கிள். "குழந்தைகளுக்குச் சீக்கிரம் மறந்துவிடும்."

கார் இதில் தன் கேள்விக்கு விடை எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு மாலை யாழிக்குக் காய்ச்சல் கடுமையாக ஏறியது. மழை. ஆதிகேசவன் வேலையிலிருந்து வர நேரமாகும். திலகவதி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வாடகை வண்டிக்குப் போன் செய்தாள். ஒருவன் வருகிறேன் என்றான், வரவில்லை. இன்னொருவன் தெருப் பெயரைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். முக்கால் மணி நேரம். அவள் முதுகுக்குப் பின்னால், உறைக்குள், ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய வண்டி ஓட்ட ஆளில்லாமல், பேச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

மகள் தேறிய பிறகு திலகவதி சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை. கொடியில் துணி போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஒண்ணு இதை ஓட்டுங்க. இல்லீனா வித்துருங்க. நிறுத்தறதுக்கு இடம் நமக்கு ஒண்ணுதான் இருக்குது. மூணு பேரு உக்கார்ற மாதிரி ஒரு வண்டி வேணும்."

"பாக்கலாம் தெலகா."

"பத்து மாசமா பாத்துட்டுத்தான் இருக்கறீங்க. வாரா வாரம் கதவைத் தொறந்து உக்காந்து பாக்கறீங்க."

"அது இப்ப உன்னை என்ன பண்ணுது?"

"என்னை ஒண்ணும் பண்ணலீங்க. உங்களை என்னமோ பண்ணுது. அது என்னன்னுதான் எனக்குத் தெரியல."

அவன் ஈரத் துணி ஒன்றை எடுத்து உதறி அவளிடம் கொடுத்தான். அன்று அவ்வளவுதான்.

உறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த காருக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் கேள்வியையே இவளும் கேட்கிறாள். கூடவே வாழ்கிறவளுக்கும் தெரியாதா?

அந்த ஞாயிறு ஆதிகேசவன் பத்து நிமிடத்தில் அணைக்கவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். பேச அவ்வளவு நேரம் கிடைத்தும் கார் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவன் போனை எடுத்து, உள்ளே உட்கார்ந்தபடியே, விற்பனை விளம்பரம் எழுதினான். கிலோமீட்டர், வருடம், நிறம். 'காரணம்' என்ற இடத்தில் எழுதி அழித்தான். மறுபடி எழுதி அழித்தான். காலியாகவே விட்டான்.

வாங்க வந்தவள் பெயர் ரெஜினா. சிங்காநல்லூரில் கண் டாக்டர். தனியாக வந்தாள். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள், தொடவில்லை.

"ரெண்டு சீட்டுதானுங்க" என்றாள் திலகவதி. பின்னால் குறை சொல்லக்கூடாதே என்று முன்னாலேயே சொல்லிவைத்தாள்.

"எனக்கு அதே ஒண்ணு ஜாஸ்திங்க" என்றாள் ரெஜினா. "சார், இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க. ஏன் விக்கறீங்க?"

"வாசல்ல ஸ்பீடு பிரேக்கருங்க. வண்டி தாண்ட மாட்டேங்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். "முட்டுச்சந்துலயா? எந்த மகராசன் கேட்டு வாங்கினான் இதை?"

ஆதிகேசவன் காலடியில் கிடந்த சருகு ஒன்றைச் செருப்பால் ஒதுக்கினான்.

"எடுக்கச் சொல்லி மனு எழுதித் தர்றேன்னு நானும் ஆறு தடவை சொல்லிட்டேனுங்க" என்றாள் திலகவதி. "வேண்டாங்கறாரு."

"பிரேக் எப்படிங்க?"

"பிடிக்கும்ங்க" என்றான். சற்றுப் பொறுத்து, "நல்லாவே பிடிக்கும். ஆனா அதை நம்பி ஓட்டாதீங்க" என்றான்.

ஓட்டிக் காட்டுவதற்காகப் பலகையை எடுக்கப் போன திலகவதி திரும்பி அவனைப் பார்த்தாள்.

பேச்சு முடிந்தது. ஒரு வாரத்தில் காகிதங்கள் கைமாறின. மறு ஞாயிறு ரெஜினா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வேகத்தடையின் இருபுறமும் பலகைகள் வைத்தார்கள். யாழி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றாள்.

"அப்பா, இனி இந்த ஸ்பீடு பிரேக்கரை எடுத்துருவாங்களா?"

"இல்ல கண்ணு. அது இருக்கட்டும்."

ஆதிகேசவன் வழக்கம்போல மண்டியிட்டான். கையை மடக்கி வண்டியின் வயிற்றுக்கடியில் விட்டான். கட்டைவிரலை நிமிர்த்தினான். இடித்தது. இந்த முறை கையை உடனே எடுக்கவில்லை. திலகவதி பலகையைப் பிடித்தபடி அந்தக் கையையும் வேகத்தடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் எழுந்தபோது அவன் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

கார் மெதுவாகப் பலகையில் ஏறியது. அதன் வயிறு வேகத்தடைக்கு நேர் மேலே வந்தது.

"எந்த மகராசன் என்று அந்த அம்மாள் கேட்டாளே" என்றது வேகத்தடை, தாழ்ந்த குரலில். "சொல்லட்டுமா?"

"சொல்."

"இப்போது உன் அடியில் கையை விட்டானே, அவன்தான்."

"பொய்."

"நான் அப்போது தார்ச்சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தேன். காது கேட்கும். மேஸ்திரி மனுவைப் படித்துக் காட்டினார். ஒரே கையெழுத்து, இவனுடையது. மனுவில் இருந்த தேதி ஒரு திங்கட்கிழமை. நீ அழகாக நின்றதாகச் சொல்லிக்கொள்வாயே ஒரு ஞாயிறு, அதற்கு மறுநாள்."

கார் பலகையின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு சாண் என்று தான் பெருமையாகச் சொன்னது அதற்கு ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கில் இருந்த கைகளும் ஞாபகம் வந்தன. அவை வெகுநேரம் பிடியை விடவே இல்லை. தன்னை மெச்சுகிறான் என்று அது நினைத்திருந்தது.

"சரி, கேட்டான். தெருவில் எல்லா வண்டியும் உன்னைத் தாண்டுகிறது. எனக்கு மட்டும் ஏன் இடிக்கிறது?"

"எவ்வளவு உயரம் வேண்டும் சார் என்று மேஸ்திரி கேட்டார். இவன் கையை மடக்கித் தரையில் ஊன்றிக் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினான். வேலை நன்றாக நடக்கிறது என்று பாராட்டுவதாக நினைத்து மேஸ்திரி சிரித்தார். இல்லை, இந்த உயரம் என்றான்."

முன்சக்கரங்கள் மறுபக்கத்துப் பலகையில் இறங்கின. எங்கும் உரசவில்லை. சுவரோரம் உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆதிகேசவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்படியானால்" என்றது கார். அதற்கு இன்னும் அதே கேள்விதான் இருந்தது. "நான் வெளியே வரக்கூடாதென்று தடுத்தவன், வாரா வாரம் ஏன் வந்தான்? ஏன் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்?"

பின்சக்கரங்களும் இறங்கிவிட்டன. ரெஜினா கிளட்சை விட்டாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றது வேகத்தடை. "நான் வாசலுக்கு வெளியே இருப்பவன்."