கொழுஞ்சிப்பட்டிக் கரையும் மந்திரியின் மத்தியஸ்தமும்

வெகு காலத்துக்கு முன்னே பாலிநாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒருவனைத் தலைமேல் தூக்கி வைப்பார், மாலையில் அவன் தலையையே கேட்பார். அப்பேர்ப்பட்டவரிடம் சேந்தன் இருபது வருஷம் மந்திரியாக இருந்தார் என்றால், அந்த மனிதரின் சாமர்த்தியத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம், தளவாய் மாதப்பன் கட்டிய புது ஏரிக்கரை உடைந்து, கொழுஞ்சிப்பட்டியில் நாற்பத்து மூன்று பேர் சேற்றுக்குள் போனார்கள். அடுத்த மழைக்குள் உடைப்பை அடைத்தாக வேண்டும் என்றார் ராஜா. செத்தவர்களைத் தோண்டி எடுக்காமல் அவர்கள்மேல் ஒரு கூடை மண்கூடக் கொட்ட விடமாட்டோம் என்று ஊரே மறித்து நின்றது. ஊரைக் கொளுத்திவிடலாம் என்றான் தளவாய்.

சேந்தன் அவசரமாகக் குறுக்கிட்டார். மத்தியஸ்தம் வைத்துப் பார்க்கலாமே என்று மெல்லச் சொன்னார். தளவாய்க்கு அவரைக் கண்டாலே ஆகாது. மந்திரி எந்த வழக்கையும் ஆளுக்குப் பாதி என்று வெட்டுவார், அது தெரிந்துதான் அவனவன் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறான் என்று இளித்தான். அதில் பொய் இல்லை.

"இந்தத் தடவை வெட்டமாட்டேன், மகாராஜா," என்றார் சேந்தன். "இரண்டு பக்கமும் தங்கள் முடிவை ஓலையில் எழுதித் தரட்டும். எது நியாயத்துக்குக் கிட்டே இருக்கிறதோ அதை அப்படியே எடுப்பேன். ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன். பேராசைப்பட்டவன் முழுசாகத் தோற்பான்."

ராஜாவுக்கு இது புது விளையாட்டாகப் பட்டது. தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன், அதற்குப் பிறகு இந்த வழக்கை யாரும் கிளறக் கூடாது என்று சபையறியச் சத்தியம் செய்தார். தம் பக்கத்து ஓலையை எழுதும் வேலையைத் தளவாயிடமே விட்டார். ராஜாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல மந்திரிக்கு எத்தனை தலை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அவன் எழுதினான்.

மூன்றாம் நாள் சபையில் ஓலைகளைப் பிரித்தார்கள். மறித்தவர்களில் பத்துப் பேருக்குக் கழுமரம், மற்றவர்கள் நாளையே மண் சுமக்க வேண்டும் என்றது தளவாயின் ஓலை. ஊரார் ஓலையில் ஒரே வரி இருந்தது. பத்து நாள் கொடுங்கள், எங்கள் பிணங்களை எடுத்துக்கொண்டு கூலியில்லாமல் நாங்களே கரையை அடைக்கிறோம்.

சேந்தன் ஊரார் ஓலையை எடுத்தார். ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"தங்கள் ஓலையில் ஐந்து நாள் என்று இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன், மகாராஜா. தங்களைத் தோற்கடித்தது நானல்ல, அதை எழுதிய கை."

ராஜா அவரையும் தளவாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். தளவாயின் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு, பத்து நாளும் ஊராரோடு சேறு தோண்டு, பிறகு வந்து இதை வாங்கிக்கொள் என்று அனுப்பிவைத்தார்.

எட்டாம் நாள் கடைசிப் பிணமும் வெளியே வந்தது. பார்க்கப் போயிருந்த சேந்தனிடம், ஓலையைச் சொல்லி எழுதவைத்தவள் இவள்தான் என்று காத்தாயியைக் காட்டினார்கள். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வரிசையாகக் கிடத்திவிட்டு நின்றிருந்தாள். அவளுடைய ஓலையின் நிதானத்தைச் சேந்தன் மனசாரப் பாராட்டினார்.

"மொதல்ல எழுதுனது அது இல்ல சாமி," என்றாள். "களிமண்ணு போடாம வெறும் மணல்ல கரை கட்டுனவனை விசாரிக்கணும்னு எழுதியிருந்தோம். அப்புறம் நீங்க வெச்ச விதியைச் சொன்னாங்க. கூடக் கேட்டா பொணமும் கெடைக்காதுன்னு அதை அடுப்புல போட்டுட்டோம்."

பேராசைப்பட்டவன் தோற்பான் என்று சொன்ன மந்திரி, பயந்தவன் என்ன கேட்பான் என்று யோசிக்கவில்லை. இனி வழக்கைக் கிளறவும் வழியில்லை. கொஞ்சம் தள்ளி, மாதப்பன் வாய்க்காலில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு நாளில் அவன் தலைப்பாகை அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.