வெள்ளியங்கிரியின் கூடை

அந்த மடத்துக்குக் காய்கறி விலைக்கு வந்ததில்லை. சுற்றிலும் இருந்த தோட்டக்காரர்கள் விடிந்ததும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ஒருவர் கத்தரி, ஒருவர் சுரை, ஒருவர் ஒரு தார் வாழை. மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. மீந்த காய்களை இல்லாத வீட்டுக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

யார் வீட்டுக் கூடையையும் வெறுங்கூடையாகத் திருப்பித் தருவதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கத்தரி கொண்டுவந்தவர் கூடையில் இரண்டு சுரைக்காய் போகும். சுரைக்காய்க்காரர் கூடையில் ஒரு சீப்பு பழம் போகும்.

காய்களை வாங்கி வைப்பது குமரவேலுவின் வேலை. சந்தையில் இருபது வருடம் ஏலம் விட்டவர், ஐம்பது வயதுக்குமேல் மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்தார். மடத்துச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஒரு நாள் காலையில் குமரவேலு சொன்னார்:

"சாமி, காட்டூர் வெள்ளியங்கிரி எட்டு நாளா வரலீங்க."

"ஏன்?"

"நாந்தான் ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்னு சொன்னேன். அவரு கிணறு வத்திப்போச்சு. அன்னிக்கு நாலே நாலு பீர்க்கங்காய் கொண்டுவந்தாரு. வீட்டுல மக பிரசவத்துக்கு வந்திருக்குது, ஏழு மாசம். 'உங்களுக்கே இல்லாதப்ப எங்களுக்கு எதுக்குங்க? சும்மா வந்து வேணுங்கறதை வாங்கிட்டுப் போங்க'ன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பீர்க்கங்காயை எடுத்துக் கூடையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நேத்து அரிசியும் காயும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனேன். 'எங்க வீட்டுல இருக்குது'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அவங்க நல்லதுக்குத்தானே சொன்னேன். அதுல என்ன தப்புங்க?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாங்க, போயிட்டு வரலாம்."

குமரவேலு ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சாமி வெறுங்கையோடு நடந்தார்.

வெள்ளியங்கிரியின் தோட்டத்தில் பீர்க்கங்கொடி பந்தலோடு காய்ந்து கிடந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பொன்னாங்கண்ணி பச்சையாக இருந்தது. வாசலில் மகள் வறுத்த புளியங்கொட்டையை மென்றுகொண்டிருந்தாள். உள்ளே அடுப்பு எரியவில்லை.

வெள்ளியங்கிரி எழுந்து நின்றார். "வாங்க சாமி." குமரவேலுவை அவர் பார்க்கவில்லை.

"கொஞ்சம் கீரை கேட்டு வந்தேன்," என்றார் சாமி.

வெள்ளியங்கிரியின் மனைவி பாவாத்தாள் வெளியே வந்தாள். "கீரைங்களா? மடத்து வாசல்லயே முருங்கை மரம் நிக்குதுங்களே சாமி."

"அதையே தின்னு தின்னு அலுத்துப் போச்சு தாயி."

"நாங்க குடுத்தா வேண்டாங்கறாங்க. இந்த ஏலக்காரரு எங்க பீர்க்கங்காயை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிப் பாத்தாருங்க. ஒரு தரம், ரெண்டு தரம்னு கூவாதது ஒண்ணுதான் பாக்கி."

குமரவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னிக்குக் கேக்கறது அவரில்ல. நான்," என்றார் சாமி.

பாவாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளியங்கிரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இத்தனூண்டுதானுங்க இருக்குது. மடத்துப் பருப்புச் சட்டிக்குக் காணாதுங்க."

"என் தட்டுக்குக் காணும்."

வெள்ளியங்கிரி சாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, நுனி நுனியாகக் கிள்ளி, மண்ணைத் தட்டிச் சேர்த்தார். இரண்டு கைப்பிடி தேறியது. குமரவேலு பையை விரித்து நீட்டினார்.

"பையில போட்டா கசங்கிப் போகும்," என்றார் சாமி. "ஒரு கூடை குடுங்க."

"பெரிய கூடைதான் இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

பாவாத்தாள் கூடையை எடுத்து வந்தாள். இரண்டு கைப்பிடிக் கீரை அதன் அடியில் எங்கோ கிடந்தது.

"கூடை பத்திரமுங்க சாமி. எங்கம்மா வீட்டுல குடுத்தது."

"நாளைக்கே வந்துரும் தாயி."

குமரவேலு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னார்:

"சாமி, நான் இருபது வருசம் சந்தையில இருந்தவன். ரெண்டு கைப்பிடிக் கீரை பையில கசங்காதுங்க. பையே போதும்."

"போதும்," என்றார் சாமி. "ஆனா உங்க பையில வாங்கியிருந்தா, நாளைக்கு அந்த வீட்டுக்குப் போக நமக்கு என்ன வேலை?"