முயலார் தொட்ட கோப்பை

நிலாவில் முயல் இருக்கிறது என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. அது பிழை என்பதை மிகுந்த வருத்தத்தோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நிலாவில் முயல் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. அகராதியைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பது 'முயல்கறை'. சந்தி பிசகாதவர்கள் 'முயற்கறை' என்று எழுதுவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கவனிக்க வேண்டியது பின்னால் வரும் சொல்லை. கறை. வேட்டியில் வாழைக்கறை பட்டால், வேட்டிக்குள் வாழைமரம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காததால் இன்னொரு விஷயமும் விளங்காமல் கிடக்கிறது. ஹாக்கி ஆடுகிறவர்கள், அதிலும் அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், தாம் வெல்லாத கோப்பையைத் தொடமாட்டார்கள். பனித்தளத்தில் சறுக்கி ஆடும் நாடுகளில் இது இன்னும் கடுமை. இறுதியாட்டத்துக்கு முந்தின கட்டத்தில் ஜெயித்து, அதற்கென்று ஒரு சின்னக் கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும், பலர் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. ஏன் என்று கேட்டால் ராசி என்பார்கள். ராசி என்பது காரணம் மறந்துபோனவர்கள் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, வானத்தில் நிலா கிடையாது. அது கீழே இருந்தது. கரிசல் காட்டின் நடுவில் ஒரு பெரிய கண்மாய்; அதன் மடைக்கல்லின் மேல் ஒரு வெள்ளிக் கோப்பை. அந்தக் கோப்பைதான் பின்னால் நிலா ஆயிற்று. பொழுது சாய்ந்ததும் அதிலிருந்து வெளிச்சம் கசியும். கண்மாய் முழுக்கப் பால் தெளித்ததுபோல் ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் நடந்தால் காலடி ஓசை கேட்காது என்றும், சொன்ன சொல் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழும் என்றும் சொல்வார்கள்.

கோப்பைக்கு ஒரு குணம் உண்டு. கோடை தொடங்கும்போது அதில் நீர் நிரப்பினால், அடுத்த மழை வரை அள்ள அள்ளக் குறையாது. ஆனால் ஒரு கரைக்குத்தான் கொடுக்கும். ஆகவே வெயில் ஏறத் தொடங்கியதும், வடகரை உயிர்களும் தென்கரை உயிர்களும் வற்றிய கண்மாய்க்குள் இறங்கிச் செண்டாடுவார்கள். செண்டு என்றால் முனை வளைந்த கோல். (இன்றைக்குச் செண்டு என்று பூவைக் கொடுக்கிறார்கள். கணுக்காலில் வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.) வளைந்த கருவேலங் கோலால் பனங்கொட்டையைத் தள்ளிக்கொண்டு போய், எதிர்க்கரையார் ஊன்றிய இரண்டு முட்கம்புகளுக்கு நடுவே அடிக்க வேண்டும். ஜெயித்தவர்கள் கோப்பையை எடுத்து அதிலேயே வாய் வைத்துக் குடித்துவிட்டுத் தங்கள் கரைக்குக் கொண்டுபோவார்கள். தோற்றவர்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த நீர்நிலையைத் தேடி நடப்பார்கள்.

தென்கரை தொடர்ந்து தோற்றுவந்தது. அந்த அணியில் ஓரத்தில் ஓடி ஆடுகிறவன் ஒரு முயல். போன கோடையில் பிறந்த அவனுடைய குட்டிகள் நீர் தேடி நடந்த வழியிலேயே நின்றுவிட்டன. அவன் மனைவி அதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தக் கோடையில் அவள் மறுபடியும் நிறைமாதம். வளைக்கு வெளியே வந்து கண்மாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"இந்த வருசம் நடக்க என்னால ஆகாதுங்க," என்றாள் ஒருநாள்.

"நீ நடக்க வேண்டாம். நான் ஓடுதேன்," என்றான் முயல்.

ஆட்டத்துக்கு நடுவர் ஒரு நாரை. நிரம்பப் படித்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, செந்தமிழில் மட்டுமே பேசும். அந்த ஆண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கோப்பையில் முகம் பார்க்கவும், மூக்கால் தட்டிப் பார்க்கவும் தொடங்கியிருந்தார்கள். மயில் ஒன்று அரைநாள் அதன் முன்னேயே நின்றது. நாரைக்குப் பொறுக்கவில்லை. ஆடாமல் அசையாமல் வந்து நிற்கிறவர்கள் தொடுவதா என்று நினைத்து, ஆட்டத்தன்று பிற்பகலில் மடைக்கல்லின் மேல் ஏறி அறிவித்தது:

"முயலார் இக்கோப்பையைத் தொடற்க!"

எல்லாத் தலைகளும் முயல் பக்கம் திரும்பின.

முயல் தன் பக்கத்தில் நின்ற உடும்பைப் பார்த்தான். உடும்பு தென்கரையின் முட்கம்புகளைக் காக்கும் கோல் காவலன். பிடித்தால் விடாத பிடிக்காரன்.

"என்ன வே, என் பேரச் சொல்லியா சொல்லுதாரு?"

"மரியாதையாத்தான சொல்லுதாரு. 'ஆர்' போட்டுல்லா சொன்னாரு."

"நேத்து வரைக்கும் 'ஏ முயலே'ன்னு கூப்பிட்டவரு. மரியாதை திடீர்னு வந்தா எங்கேயோ இடிக்குது வே."

வடகரை அணியின் தலைவன் ஒரு கீரி. அவன் இதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தான். "முயலார்வாள்! கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் கோப்பை மேல படுது."

முயல் நேரே நாரையிடமே போனான். அவனை இந்த இடத்தில் குறை சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், கேட்டான்.

"ஐயா, முயலார்னா யாரு?"

"முயலாதவர்."

"அப்ப நான் யாரு?"

"நீ முயல்."

"அது தெரியும்யா. நான் என்ன செய்யணும்?"

"முயல்."

"முயல்தாங்கய்யா நானு!"

"அதைத்தான் சொல்கிறேன். முயல்," என்று சொல்லிவிட்டு நாரை காலை மாற்றி நின்றது. அதற்கு மேல் விளக்குவது தமிழுக்கு இழுக்கு என்று அது கருதியிருக்கலாம்.

பொழுது சாய்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைக் கனவு மாதிரிதான் சொல்வார்கள். புழுதி எழுந்து, விழ மறந்து, வெளிச்சத்தில் அப்படியே நின்றதாம். பனங்கொட்டை வெடிப்புகளின் மேல் உருளும்போது, கண்மாய்க்கு அடியில் யாரோ நடப்பதுபோல் கேட்டதாம். கீரி பந்தைக் கொண்டுவருவான். உடும்பு வயிற்றைத் தரையில் அப்பிக்கொண்டு தடுப்பான். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் அது மெள்ளத்தான் வந்து சேர்ந்திருக்கும். இடைவேளைக்குச் சற்று முன்னால், முயல் கரையோரமாகவே ஓடினான். ஓடினான் என்பதைவிட, கரை அவனைத் தாண்டிப் போனது என்று சொல்லலாம். வடகரையின் முட்கம்புகளுக்கு நடுவே பனங்கொட்டை போய் நின்றபிறகுதான் அவன் எங்கே இருக்கிறான் என்று கீரிக்குத் தெரிந்தது.

தென்கரை ஒரு கோல் முன்னால். இன்னும் பாதி ஆட்டம் பாக்கி.

இளைப்பாற எல்லோரும் மடைக்கல் பக்கம் வந்தார்கள். கீரி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "நல்லாத்தான் ஓடுதீரு, முயலார்வாள். ஆனா என்ன செய்ய? நீங்களே ஜெயிச்சாலும் உம்ம ஆளுக எல்லாம் குடிப்பாக, நீரு மட்டும் பாத்துக்கிட்டு நிக்கணும். விதின்னா விதிதான?"

முயல் கோப்பையைப் பார்த்தான். வெள்ளியில் அவன் காது தெரிந்தது. காதுக்குப் பின்னால், கரைமேல் உட்கார்ந்திருக்கும் மனைவி தெரிந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து மூச்சு விட்டபடி. உள்ளே நீர் அசையாமல் இருந்தது. தண்ணீர் இருப்பதாகவே தெரியவில்லை. குளிர்ச்சி மட்டும் முகத்தில் வந்து பட்டது. போன வருடக் குட்டிகள் நின்றுவிட்ட இடம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பூவரச மரம் உண்டு. இலையே இல்லாத மரம்.

"நான் தொடக்கூடாதா?" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அவன் குடிக்கவில்லை. எடுக்கவில்லை. முன்னங்காலை, கரிசல் புழுதியும் வியர்வையும் ஒட்டிய முன்னங்காலை, கோப்பையின் பக்கவாட்டில் வைத்தான். வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

கோப்பை சிலிர்த்தது.

அதுவரை அதை வென்றவர்கள்தான் அள்ளித் தூக்கியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த மயிலின் மூக்கு, மாட்டின் மூச்சு எல்லாம் கோப்பைக்குப் பொருட்டே அல்ல. அவர்கள் யாரும் அதை வேண்டவில்லை. இதுவோ உயிரைக் கொடுத்து வேண்டிய கை. வென்ற கையும் அல்ல, தோற்ற கையும் அல்ல. தான் யாருடையது என்று கோப்பைக்குத் தெரியாமல் போயிற்று. யாருடையதும் அல்லாத பொருளுக்கு எடை கிடையாது. கோப்பை மடைக்கல்லிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியது. பிறகு முழ உயரம். முயலின் கால் அதிலிருந்து நழுவியது. கால் பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு தடம்.

"பிடி வே!" என்று அலறினான் முயல். "உடும்பு, பிடி வே!"

உடும்பு அருகில்தான் இருந்தான். இரண்டு கையையும் தூக்கியும்விட்டான். அவன் பிடித்திருந்தால் இன்றைக்கும் நிலா கண்மாயில்தான் இருந்திருக்கும். ஆனால் பாதியில் அவன் கை நின்றது.

"ஐயா," என்று நாரையைப் பார்த்தான், "நாம இன்னும் ஜெயிக்கலையே. நான் தொடலாமா?"

"நன்று கேட்டாய்," என்றது நாரை. "முயலார் என்பது எதிர்மறை வினையாலணையும் பெயர். கல்லார் என்றாற்போல. கல்லார் என்றால் கல்லாதவர். கல் என்னும் ஒருவருக்குச் செய்யும் மரியாதை அன்று. அவ்வாறே முயலார் எனில், முயற்சி செய்யாது வாளா நிற்பவர். நீயோ ஆடுகளத்தில் முயன்றவன். ஆதலின்..."

கோப்பை பனை உயரம் போயிருந்தது.

"...தொடலாம்," என்று நாரை முடித்தது.

முயல் மேலே பார்க்கவில்லை. நாரையைத்தான் பார்த்தான். "இத அப்பவே சொல்லிருக்கலாமேய்யா."

"அப்போதும் சொன்னேன். முயல் என்றேன்."

உடும்பு தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கீரியும் சிரிக்கவில்லை.

மேலே போகப் போகக் கோப்பை லேசாகச் சாய்ந்தது. அதிலிருந்த நீர் மொத்தமாகக் கொட்டவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து எதுவும் மொத்தமாக வருவதில்லை. தூள் தூளாக, குளிர்ந்து, வடகரை தென்கரை பார்க்காமல் கண்மாய் முழுதும் இறங்கியது. காய்ந்த கோரையின் நுனியெல்லாம் நனைந்தது. முயலின் மனைவி கரையிலிருந்து இறங்கி அந்தக் கோரைக்குள் படுத்தாள். அங்கேயே ஈன்றாள். குட்டிகள் கண்ணைத் திறந்தபடியே பிறந்தன. ஏனென்றால் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவற்றுக்கும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு புல்லின் மேலிருந்த நீரை நக்கின. அந்தக் கோடையில் அவள் எங்கும் நடக்கவில்லை. ஒரு குட்டியும் சாகவில்லை.

ஆட்டம் மட்டும் முடியவே இல்லை. கோப்பை இப்போதும் பொழுது சாய்ந்தபின் கிழக்கே எட்டிப் பார்க்கும். முடியவில்லை என்று கண்டதும் மேலேறிப் போய்விடும். போகிற வழியில் நாளுக்கு நாள் சாய்ந்து, உள்ளதைச் சிந்திச் சிந்தி, ஒருநாள் காலியாகி ஒளிந்துகொள்ளும். மறுபடி நிரம்பி வரும்போது பார்த்தால் அந்தக் கரிசல் தடம் அப்படியே இருக்கும். வெள்ளியில் பட்டதைத் துடைக்க வேண்டுமானால் தொட வேண்டும்; தொட ஆள் இல்லை.

முயல் அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. வெளிச்சம் இறங்கும் மாலைகளில் கண்மாயின் நடுவே வந்து, பின்னங்காலில் எழும்பி உட்காருவான். முன்னங்கால் இரண்டையும் எதன் மேலும் படாமல் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொள்வான்.

அன்று முதல்தான் முயல்கள் நீர்த்துறைக்கு வராமல் புல்லின் ஈரத்திலேயே பிழைத்துக்கொள்கின்றன. செண்டு பிடித்தவர்கள் தாம் வெல்லாத கோப்பைக்கு அருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வென்றுவிட்டால் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, முதலில் வானத்துக்குக் காட்டிவிட்டுப் பிறகு குடிக்கிறார்கள். நடுவர்கள் ஆட்டத்தின்போது அதிகம் பேசுவதில்லை. விசில் ஊதுகிறார்கள்.