கேட்டில் தொங்கிய பூட்டு

பூட்டு சாட்சி சொல்லுமா? திருப்பூரில் ஒன்று சொன்னது.

அங்கே ஒரு பனியன் கம்பெனி திவாலானது. அதைப் பொறுப்பெடுத்து விற்க நீதிமன்றம் ஓர் ஆடிட்டரை நியமித்தது. அவர் கேட்டைப் பூட்டினார். கூரை ஓட்டையை யார் சொல்லியும் அடைக்கவில்லை. மழையில் தையல் மிஷின்களெல்லாம் துருப்பிடித்துப்போக, விற்ற பணத்தில் சம்பளப் பாக்கி வரவேண்டிய தொழிலாளர்கள் ஆடிட்டர்மீதும் அவருடைய நிறுவனத்தின்மீதும் வழக்குப் போட்டார்கள்.

அந்த நிறுவனத்தின் தலைவர் வரதராஜன் கோர்ட்டில் நெஞ்சை நிமிர்த்தினார். "நியமனம் ஆடிட்டர் பெயரில். எங்கள் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லை."

கம்பெனியைக் கூட்டிப் பெருக்கிய மாராயி எழுந்தாள். "அப்படீங்களா? அப்ப கேட்டுல தொங்கற பூட்டும் உங்களுது இல்லீங்களே? நாளைக்கே உடைச்சுப் போடறோமுங்க."

"தொட்டால் ஜெயில்தான்!" வரதராஜன் துள்ளினார். "அது எங்கள் நிறுவனம் போட்ட பூட்டு!"

"பூட்டு உங்களுது, உள்ளே நனைஞ்சது மட்டும் அவருதுங்களா?"

நீதிபதி பேனாவைத் திறந்தார். பூட்டு சொன்ன சாட்சியை எழுதிக்கொண்டார்.