முடுக்கூர் நெரிசல் கலையாமல் நின்ற கதை

முடுக்கூர்க்காரர்கள் சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அவர்களிடம் வேறு குறையே கிடையாது.

அந்த ஊர் நகராட்சி உறுப்பினர் கோமதிநாயகம் இட்லிக்கடை வைத்திருந்தார். வீடு நாற்சந்திக்கு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். விடியும்போது தலையில் மாவுப் பானையோடு கிளம்புவார். பஸ்ஸும் லாரியும் வழிவிட்டு அவர் போய்ச் சேர்வதற்குள் மாவு புளித்துப் பொங்கிக் காதோரம் வழியும். சந்தியில் பாலம் வராவிட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள்.

பாலத்துக்கு அரசாங்கத்திடம் நிதி கேட்டார்கள். "வியாழக்கிழமை வருகிறேன். நெரிசலை என் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார் அதிகாரி.

நகராட்சி கூடியது.

"பெரிய மனுசன் வாராரு. அவரைப் போய் நெரிசல்ல நிக்க வைக்கலாமா அண்ணாச்சி?" என்றார் தலைவர் சங்கிலிபூதம்.

"மரியாதையில்ல. விருந்தாளிக்கு வழியை ஒதுக்கிக் குடுக்கதுதான் முறை" என்றார் கோமதிநாயகம்.

ஊர் வண்டிகளையெல்லாம் குளத்துக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதிகாரி காற்றாய் வந்து இறங்கினார். சந்தியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"நெரிசல் எங்கே?"

"நீங்க வாரீங்கன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கோம் ஐயா" என்று தலைவர் குளத்துக்கரையைக் காட்டினார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "திங்கட்கிழமை மறுபடி வருகிறேன். எனக்காக எதையும் மாற்றாதீர்கள். நான் வரும்வரை நெரிசல் இருந்தபடியே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் அருமையான நெரிசல் ஒன்று வாய்த்தது. தலைவர் நடுச்சந்தியில் நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"போதும்! இனி ஒருத்தரும் அசையக்கூடாது!"

ஒருவரும் அசையவில்லை. வேனில் வந்த மாப்பிள்ளை வேனிலேயே தாலி கட்டினார். லாரியில் வந்த கோழிகள் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தன.

"ஒரு ஸ்கூட்டர்காரன் வீட்டுக்குப் போகணுங்கான் அண்ணாச்சி" என்றார் தலைவர்.

"போகட்டும். அதே நிறத்துல வேற ஸ்கூட்டர் கொண்டாந்து நிறுத்தச் சொல்லும்" என்றார் கோமதிநாயகம்.

திங்கட்கிழமை விடியும்போதே அதிகாரியின் கார் வந்து, கோமதிநாயகத்தின் வாசலில், வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஒரு செங்கல் லாரி வந்து அடைத்தது. கதவைத் திறக்கவும் இடமில்லை.

"பார்த்துவிட்டேன்! நகரச் சொல்லுங்கள்!" என்று ஜன்னல் வழியே கத்தினார்.

தலைவர் மோவாயைச் சொறிந்தார். "'நான் வரும்வரை'ன்னுல்லா சொன்னாரு? இன்னும் வந்து சேரலையே?"

"ஆமா, வழியிலதான நிக்காரு" என்று சொல்லிவிட்டுக் கோமதிநாயகம் மாவுப் பானையை எடுக்க வீட்டுக்குள் போனார்.

அதிகாரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஐயா! கேட்ட நிதி முழுவதும் தருகிறேன். பாலம் கட்டிக்கொள்ளுங்கள். என்னை மட்டும் விட்டுவிடுங்கள்!"

அப்போது அவர் தலைக்கு மேலே கார்க் கூரை 'டமார்' என்று குழிந்தது. எட்டிப் பார்த்தார். பானையைத் தலையில் சுமந்தபடி கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். கார்க் கூரையிலிருந்து வேன் கூரை, வேனிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லாரி என்று கடை வாசல்வரை பாதை நீண்டு கிடந்தது.

"நிதியெல்லாம் வேண்டாம் ஐயா. நாலு நாளா மாவு புளிக்கல. ஏறுறதுக்குத்தான் ஒரு படி குறைஞ்சுது. உங்க காரு வந்து அந்தக் குறையும் தீந்துபோச்சு" என்றார் கோமதிநாயகம். பிறகு கவலையோடு குனிந்து கேட்டார்: "பாலம் கட்டணும்னா இந்த வண்டியையெல்லாம் எடுக்கச் சொல்லுவீங்களே. அப்புறம் நான் எப்படி அந்தப் பக்கம் போவேன்?"