கொல்லையில் வைத்த கதவு

ஒரு சுவர் இருந்தது. சுவருக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் இரண்டு வயர்கள். சிவப்பு வயர் கரண்டை மேலே ஃபேனுக்குக் கொண்டுபோகும். கறுப்பு அதை அதன் ஊருக்குத் திருப்பிக் கூட்டிப்போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்தான் கரண்டுக்கு ஊர்.

கறுப்புக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. சிவப்பைப் பார்த்தாலே அதற்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? டெஸ்டர் சிவப்பைத் தொட்டால் விளக்கு எரிய, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். கறுப்பைத் தொட்டால் எழவு வீட்டு முகம். சிவப்புக்கு வாசலில் காவலாக ஒரு ஸ்விட்ச். ஆயுத பூஜைக்கு அந்த ஸ்விட்சுக்குச் சந்தனம், குங்குமம். கறுப்பை யாரும் மறிப்பதுகூட இல்லை.

"மறிக்க ஒரு ஆள் இருந்தாத்தான் மரியாதை" என்று பொருமும்.

"ஏலே, கூட்டிட்டுப் போறது சின்ன வேலையா?" என்று சிவப்பு கேட்கும்.

"பெரிய வேலைன்னா நீ செய்யேன்."

ஒருநாள் ஸ்விட்ச் கருகிப்போனது. 'இந்தா வாரேன்' என்ற எலக்ட்ரீஷியன் வரவில்லை. வீட்டுக்காரன் பொன்மாடசாமி புது ஸ்விட்ச் வாங்கிவந்து தானே பெட்டியைத் திறந்தான். பழைய ஸ்விட்சைப் பிடுங்கிய பிறகு பார்த்தால், எது அதில் இருந்த வயர் என்று தெரியாதபடி உள்ளே எல்லா வயரும் ஒரே வெள்ளை. போன மாதம் பெயின்ட் அடித்தவன் பெட்டியை மூடாமல் அடித்திருந்தான்.

பொன்மாடசாமி மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரால் தொட்டுப் பார்த்தான். எதற்கும் எரியவில்லை.

"மெயினை அணைச்சிட்டு என்னை வச்சு என்னவே பாக்கீரு? இப்போ எனக்கு எல்லாரும் பொணந்தான்!" என்று டெஸ்டர் கத்தியது. அது எங்கே அவன் காதில் விழ?

"இன்னுமா முடியல? இங்க வெந்து சாகுறேன்" என்றாள் அடுப்படியிலிருந்து அவன் பெண்டாட்டி செல்லக்கனி.

"ஆச்சு, ஆச்சு."

இதுதான் சமயம் என்று கறுப்பு கழுத்தை நீட்டியது. கையில் அகப்பட்டதை அவன் ஸ்விட்சில் மாட்டினான். சிவப்பை நேரே மேலே விட்டான்.

சிவப்பு பதறியது. "ஏலே, வேண்டாம்! கதவ வாசல்ல வைக்கணும். கொல்லையில வச்சா, பூட்டுன பிறகும் கரண்டு உள்ளயே நிக்கும்."

"நிக்கட்டும். இத்தன வருசம் நான் ஓரமா நிக்கலையா?"

மெயினைப் போட்டார்கள். ஸ்விட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றியது. திரும்பத் தட்டினால் நின்றது. பொன்மாடசாமி மீசையைத் தடவிக்கொண்டான். கறுப்புக்கு அவனைவிட மிதப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கழுவிவிட்ட ஈரத் தரையில் இரும்பு ஸ்டூலைப் போட்டு, ஃபேன் துடைக்க ஏறினாள் செல்லக்கனி.

"ஏங்க, ஸ்விட்ச அணைச்சாச்சா?"

"ஃபேன்தான் நிக்கே, தெரியலையா?"

மேலே, ஃபேன் கம்பியின் உச்சியில் கவிழ்ந்திருந்த கிண்ணத்துக்குள் கரண்ட் நின்றுகொண்டிருந்தது. "கறுப்பு, ஊருக்குப் போகணும். வழிய விடு."

"கதவு பூட்டியிருக்கு. திறக்குற வரைக்கும் இரு."

"எனக்கு இருந்து பழக்கமில்ல. வேற வழி பாக்கேன்."

செல்லக்கனி ஒட்டடை தட்டக் கிண்ணத்தைக் கீழே இறக்கினாள். "தாயீ, கைய எடு!" என்று அலறியது ஃபேன். வயர் இணைப்பில் டேப் உரிந்திருந்த இடத்தில் அவள் விரல் பட்டது.

கறுப்பு அடைத்துவைத்த கரண்ட், அவள் உடம்பு வழியாக ஊருக்குப் போனது.

துணி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பிழைத்துக்கொண்டாள். ஸ்டூல் சரிந்து அவளைக் கீழே தள்ளியதால் பிழைத்தாள், வேறு எவர் புண்ணியமும் இல்லை.

இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் ஓடிவந்தான். மெயினைப் போட்டு டெஸ்டரை வைத்தான். "கறுப்புலயா வே ஸ்விட்ச மாட்டுனீரு?" என்றான். சிவப்பு வாசலுக்குத் திரும்பியது. கறுப்பு பழையபடி நேரே மேலே போனது.

மறுநாள் பூஜை. வலது கையில் கட்டு என்பதால், செல்லக்கனி இடது கையால் ஸ்விட்சுக்குப் பொட்டு வைத்தாள். கோணலாக விழுந்தது.

கறுப்புக்கு எரிச்சல் போய்விட்டதா? அதெல்லாம் போகவில்லை. அந்தப் பொட்டைப் பார்த்தால் இன்னும் வயிறு காந்தத்தான் செய்கிறது. ஆனால் ஸ்விட்ச் அணையும் ஒவ்வொரு முறையும் அது மேலே பார்த்து ஒரு குரல் கொடுக்கிறது.

"எல்லாரும் வந்தாச்சா? எவனும் மிச்சம் இருக்கானா?"